டிஷ்வாஷரில் தண்ணீர் வடியாமல் எரர் கோட் வந்தால்: பம்பைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

டிஷ்வாஷர் பாதியில் நின்று திரையில் ஓர் எழுத்தும் சில எண்களும் மின்னினால், பலர் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் சரியாகாவிட்டால் சர்வீஸுக்கு போன் செய்து "பம்ப் போயிடுச்சு போல" என்பார்கள். பம்ப் போயிருக்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நான் உட்கார்ந்து பார்த்த மெஷின்களில் ஒன்றே ஒன்றில்தான் பம்ப் உண்மையாகவே பழுது. மற்றதெல்லாம் அடைப்பு, மடிப்பு, சரியாக உட்காராத மூடி.

எரர் கோட் என்பது மெஷின் எதைக் கவனித்தது என்பதை மட்டும்தான் சொல்லும். "இவ்வளவு நேரம் பம்பை ஓட்டினேன், தண்ணீர் இறங்கவில்லை." அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஏன் இறங்கவில்லை என்று கண்டுபிடிப்பது நம் வேலை. கையால் செய்ய முடிந்ததை முதலிலும், ஸ்குரூ டிரைவர் தேவைப்படுவதைக் கடைசியிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

1. அணைப்பதற்கு முன் திரையைப் படம் எடுங்கள்

கரண்டை நிறுத்தினால் பல மெஷின்களில் கோட் போய்விடும். திரும்ப வர வேண்டுமானால் இன்னொரு முறை பாதி வாஷ் ஓட வேண்டும். என் தங்கை ஒருநாள் போன் செய்து, "அண்ணா, ஏதோ ஈ-னு ஒண்ணு வந்துச்சு, நான் ஆஃப் பண்ணிட்டேன்" என்றாள். ஈக்குப் பின்னால் இருக்கும் எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது என்று அவளுக்கு விளக்குவதற்குள் அரை மணி நேரம் போனது.

படம் எடுத்ததும் இன்னும் இரண்டைக் கவனித்து வையுங்கள். ஒன்று, வாஷ் எந்தக் கட்டத்தில் நின்றது. ஆரம்பத்திலேயேவா, நடுவிலா, கடைசியிலா. இன்னொன்று சத்தம்: உறுமல் கேட்கிறதா, தண்ணீர் பாயும் சலசலப்பும் சேர்ந்து கேட்கிறதா, ஒன்றுமே இல்லையா. பிறகு இந்த மூன்றுமே உதவும்.

2. கோட் எந்த வகை என்று பாருங்கள்

கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் எழுத்துகள் மாறும். உங்கள் மெஷினோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பட்டியல் இருக்கும். அதுதான் முடிவான சொல். பொதுவாகப் புழங்குபவை இவை.

பாஷ், சீமென்ஸ் மெஷின்களில் ஈ22 என்றால் ஃபில்டர் அடைப்பு. ஈ24 என்றால் கழிவுநீர் ஹோஸ் அடைத்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. ஈ25 என்றால் பம்பில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது பம்பின் மூடி சரியாகப் பூட்டவில்லை. ஈ15 என்றால் மெஷினின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. புதிய மாடல்களில் எண்முறையே வேறு: தண்ணீர் வடியாவிட்டால் ஈ61-03 என்று வரும்.

எல்ஜியில் ஓஈ வந்தால் தண்ணீர் வெளியே போகவில்லை, ஐஈ வந்தால் உள்ளே வரவில்லை. சாம்சங்கில் 5சி வெளியேற்றம், 4சி வரத்து.

எதுவானாலும் கடைசியில் மூன்று வகைக்குள் அடங்கும்: தண்ணீர் போகவில்லை, தண்ணீர் வரவில்லை, தண்ணீர் கசிகிறது. அதிகம் வருவது முதல் வகை, ஆகவே அதைத்தான் விரிவாக எழுதுகிறேன். மற்ற இரண்டும் 9, 10-ல் இருக்கின்றன. ஹீட்டர், சென்சார், மோட்டார் என்று கோட் சொன்னால் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

3. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு டம்ளர், ஸ்பாஞ்ச், பழைய டூத் பிரஷ், ஒரு ஸ்பூன், பக்கெட், முக்காலி, டார்ச், இரண்டு பழைய துண்டுகள், ரப்பர் கையுறை, கிளாம்ப் (ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) கழற்ற ஒரு ஸ்குரூ டிரைவர். எல்லாவற்றையும் முதலிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கெட்டைத் தேடினால் சமையலறை முழுக்கச் சாக்கடைத் தண்ணீர்தான்.

கையுறை அழுக்குக்காக மட்டும் இல்லை. டிஷ்வாஷர் பவுடர் காரத்தன்மை உள்ளது, கையில் எரிச்சல் வரும். தவிர, உடைந்த கண்ணாடித் துண்டு ஒளிந்துகொள்ள மெஷினில் இருக்கும் நல்ல இடம் ஃபில்டருக்கு அடியில் உள்ள பம்புக் குழிதான்.

4. பிளக், குழாய், சூடு: இந்த வரிசையில்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். பில்ட்-இன் மெஷினாக இருந்து பிளக் எட்டாவிட்டால் மின்பலகையில் அதற்கான எம்.சி.பி.யை (சர்க்யூட் பிரேக்கரை) இறக்குங்கள். ஹீட்டர் ஓடும்போது 2,000 வாட்ஸுக்கு மேல் இழுக்கிற மெஷின் இது. தேங்கிய தண்ணீருக்குள் கை விடுமுன் கரண்ட் இல்லை என்பது உறுதியாக வேண்டும்.

அடுத்து, மெஷினுக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். கடைசிச் சோதனை வரை அது மூடியே இருக்கட்டும்.

பிறகு கதவைத் திறந்து இருபது நிமிடம் விடுங்கள். சூடான புரோகிராமில் நின்றிருந்தால் உள்ளே 60, 70 டிகிரித் தண்ணீர் இருக்கும்.

5. தண்ணீரை மொண்டு எடுத்து, ஃபில்டரைக் கழற்றுங்கள்

கீழ் ரேக்கை வெளியே எடுத்துவிட்டு டம்ளரால் மொள்ளுங்கள். கடைசித் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒத்தி எடுங்கள். தண்ணீர் இருக்கும்போதே ஃபில்டரைத் தூக்காதீர்கள். ஃபில்டரின் வெளியே நிற்கும் கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் அந்த நொடியில் நேராகப் பம்புக் குழிக்குள் போய்விடும். புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் ஒரு கோளாறை இரண்டாக்குகிறார்கள்.

பெரும்பாலான மெஷின்களில் நடுவில் இருக்கும் உருளையை இடப்பக்கமாகத் திருகினால் பூட்டு விடும். உருளை, அதற்குள் இன்னொரு வலை, கீழே தட்டையான தகடு என்று பிரியும். குழாய்த் தண்ணீரில் பிடித்து டூத் பிரஷால் தேயுங்கள். கம்பி நார் வேண்டாம்; வலை பிய்ந்தால் அதன் பிறகு அது ஃபில்டரே இல்லை.

நம் சமையலில் ஃபில்டரை அடைப்பது பெரிய துண்டுகள் இல்லை. புளிச் சக்கையும் எண்ணெயும் சேர்ந்து வலைக் கண்களின் மேல் பழுப்பாக ஒரு படலம் போலப் பூசிக்கொள்ளும். எட்டிப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள்; கண்ணுக்குக் கண் ஒளி தெரியாவிட்டால் வெந்நீரில் சோப்புப் போட்டுப் பத்து நிமிடம் ஊற வைத்துத் தேய்க்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது உருளையை வலப்பக்கமாகத் திருகி, அசைத்துப் பார்த்து, ஆடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆடுகிற ஃபில்டரின் ஓரமாகக் குப்பை உள்ளே இறங்கும். ஃபில்டரைச் சுத்தம் செய்த மறுநாளே பம்ப் கோட் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

6. பக்கெட் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கோளாறு மெஷினிலா, வீட்டுக் குழாயிலா என்று இது பிரித்துச் சொல்லிவிடும்.

முதலில், காலித் தொட்டியை வைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள். எங்கள் மாடி வீட்டுக்காரர் தண்ணீரையெல்லாம் மொண்டு எடுத்துவிட்டு மெஷினைப் போட்டார். ஒன்றும் வெளியே வரவில்லை, ஆகவே பம்ப் அவுட் என்று முடிவு கட்டிவிட்டார். உள்ளே இருந்தால்தானே வெளியே வரும். மூன்று லிட்டர் சுத்தமான தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றுங்கள்.

அடுத்து, கழிவுநீர் ஹோஸ் சிங்குக்கு அடியில் எங்கே சேர்கிறது என்று பாருங்கள். பாட்டில் டிராப்பின் (சிங்குக்கு அடியில் குடுவை போலத் தொங்கும் கழிவுநீர்க் கிண்ணம்) பக்கவாட்டு முனையிலோ, சுவரில் இருக்கும் தனிக் குழாயிலோ செருகியிருக்கும். எப்படி மாட்டியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்துவிட்டு, கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை உருவுங்கள். அடியில் துண்டு இருக்கட்டும், கொஞ்சம் வழியும்.

இப்போது பக்கெட்டை முக்காலி மேல் வைத்து, ஹோஸ் முனையைத் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் பிடியுங்கள். தரையில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். தரையில் வைத்தால் பம்ப் கொஞ்சம் தள்ளினாலே போதும், மீதித் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத் தானாக ஓடிவந்துவிடும். சோம்பிக் கிடக்கும் பம்பும் பாஸாகிவிடும். நாம் பார்க்க வேண்டியது அது மேலே தூக்குகிறதா என்பதைத்தான்.

கை ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஹோஸை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பிளக்கை மாட்டி மெஷினை வடிய விடுங்கள். பல மாடல்களில் ஸ்டார்ட் பொத்தானை 3 நொடி அழுத்திப் பிடித்தால் ஓடும் புரோகிராம் ரத்தாகி, சுமார் ஒரு நிமிடம் பம்ப் மட்டும் ஓடும். சிலவற்றில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். கையேட்டில் 'ரீசெட்' அல்லது 'கேன்சல்' என்ற இடத்தில் பாருங்கள்.

தண்ணீர் பக்கெட்டில் வேகமாகக் கொட்டினால் மெஷின் நலம். கோளாறு சிங்க் பக்கம், 7-க்குப் போங்கள். உறுமல் மட்டும் கேட்டு, தண்ணீர் நூல் போல வந்தால் அல்லது வராவிட்டால் ஹோஸிலோ பம்பிலோ அடைப்பு. மெஷினை முன்னால் இழுத்து ஹோஸ் பின்சுவரில் நசுங்கியிருக்கிறதா, உள்ளே பிசுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் 8-க்குப் போங்கள். உறுமல்கூடக் கேட்காவிட்டால் மின் கோளாறாக இருக்கலாம். இருந்தாலும் 8-ஐ ஒருமுறை பார்த்துவிடலாம்.

7. சிங்குக்கு அடியில்

புதிதாக மாட்டிய மெஷின் முதல் வாஷிலேயே கோட் காட்டினால் சந்தேகமே வேண்டாம், பாட்டில் டிராப்பைப் பாருங்கள். டிஷ்வாஷர் ஹோஸ் சேரும் அந்தக் குட்டி முனை பல டிராப்புகளில் உள்ளே பிளாஸ்டிக்கால் மூடியே வரும். ஹோஸை மாட்டுமுன் அதை வெட்டித் திறக்க வேண்டும். சிலர் திறக்காமலே கிளாம்பை இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

பழைய இணைப்பாக இருந்தால், அந்த முனையில் விரலை விட்டுப் பாருங்கள். குழாய் வளையும் இடத்திலும் குறுகும் இடத்திலும்தான் நெய்யும் எண்ணெயும் படியும். சிங்கில் இட்லி மாவுப் பாத்திரத்தைக் கழுவிக் கழுவி, மாவு அதன் மேல் ஒட்டிச் சுண்ணாம்பு மாதிரி இறுகியிருக்கும். டிராப்பின் அடிக்கிண்ணத்தைத் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். ஆசிட், அடைப்பு நீக்கும் பொடி எதையும் கொட்டாதீர்கள். அது டிஷ்வாஷர் ஹோஸுக்குள் ஏறினால் புது வேலை.

திரும்ப மாட்டும்போது உயரத்தைப் பாருங்கள். ஹோஸ் தரையிலிருந்து மேலே ஏறி, மேடைக்கு அடியில் ஒரு வளைவு போட்டு, பிறகுதான் இறங்கிக் குழாயில் சேர வேண்டும். பல கையேடுகள் 40 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை என்கின்றன. வளைவு இல்லாவிட்டால் சிங்க் தண்ணீர் திரும்பி மெஷினுக்குள் வரும். சோதிப்பது சுலபம்: சிங்கில் ஒரு பக்கெட் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு டிஷ்வாஷர் கதவைத் திறந்து பாருங்கள்.

முனை ரொம்பத் தாழ்வாக இருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். மெஷின் தண்ணீர் பிடிக்கப் பிடிக்க அது தானாக வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். மெஷின் பாவம், "தண்ணீரே வரவில்லை" என்று வரத்துக்கான எரர் கோட் காட்டும். குழாயைத் திறந்து திறந்து பார்த்து மூன்று நாள் ஓட்டிய வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

8. பம்ப் மூடிக்குள்

மறுபடி பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீரை மொண்டு, ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்தால் குழியின் ஓரத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி தெரியும். ஸ்பூன் காம்பால் அதன் நாக்கை நெம்பி, உட்பக்கமாகச் சாய்த்து எடுக்கலாம். எல்லா மெஷினிலும் இந்த மூடி இப்படிக் கழன்று வராது. கையேட்டில் படம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

உள்ளே சிறிய விசிறி போல இருப்பதுதான் இம்பெல்லர். முதலில் விரலை விடாமல் டார்ச்சால் பாருங்கள், பிறகு கையுறையோடு தடவுங்கள். எலுமிச்சை விதை, முருங்கைக்காய் நார், பல் குச்சி, பாட்டிலில் ஒட்டிய லேபிள் காகிதம், ஸ்டீல் நாரின் ஒரு சுருள் எல்லாம் நான் எடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பம்பை நிறுத்தியது ஒரு பாதிக் கடலைப் பருப்பு.

இப்போது இம்பெல்லரை ஒரு விரலால் சுற்றிப் பாருங்கள். இந்த இடத்தில்தான் பலர் நல்ல பம்பைக் கெட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஃபேன் போல வழுக்கிக்கொண்டு சுற்றாது. உள்ளே காந்தம் இருப்பதால் இழுத்து இழுத்து, தாவித் தாவித்தான் நகரும்; சிலவற்றில் கொஞ்ச தூரம் லூஸாக ஆடி, பிறகு பிடிக்கும். அது நல்ல பம்பின் குணம். எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே ஏதோ முறிந்திருக்கிறது. துளிகூட அசையாவிட்டால் இன்னும் ஏதோ சிக்கியிருக்கிறது. அதற்காகக் கத்தியை விட்டு நெம்பாதீர்கள், இறக்கை உடையும்.

மூடியை வைத்து, 'கிளிக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். சரியாக உட்காராத மூடியும் அடைத்த பம்பும் காட்டுவது ஒரே கோட்தான் என்று மேலே பார்த்தோமே.

9. தண்ணீர் வரவில்லை என்றால்

வால்வு திறந்திருக்கிறதா, பின்னால் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வால்வை மூடி, வரத்து ஹோஸைக் கழற்றினால் முனையில் சிறிய வலை இருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் அதில் மணலும் உப்புத் துணுக்கும் சேரும். டேங்க் கழுவிய வாரத்தில் கட்டாயம் பாருங்கள். ஹோஸின் முனையில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி போல இருந்தால் அதற்குள் மின் வால்வு இருக்கலாம். அதை வெட்டவோ தண்ணீரில் முக்கவோ கூடாது.

எல்லாம் சுத்தமாக இருந்தும் கோட் வந்தால் அழுத்தத்தைப் பாருங்கள். பல மெஷின்கள் குறைந்தது 0.5 பார் கேட்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 1 பார், ஆக 0.5 பாருக்கு டேங்க், குழாயிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கடைசி மாடி வீட்டில் 3 மீட்டர் இருந்தாலே அதிகம். அங்கே மெஷினைத் திட்டிப் பயனில்லை, சின்ன பிரஷர் பம்ப் போட வேண்டும். கீழ்த்தளத்தில் ஓடிய மெஷின் வீடு மாறியதும் மக்கர் செய்வது இதனால்தான்.

10. கசிவுக் கோட் வந்தால்

மெஷினை அணைத்த பிறகும் பம்ப் நிற்காமல் ஓடினால் பெரும்பாலும் இதுதான். அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்ததும் ஒரு மிதவை எழும்பி, மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தி வடிக்கப் பார்க்கும்.

உடனே பிளக்கைப் பிடுங்கி, வால்வை மூடுங்கள். பிறகு கேட்க வேண்டியது: யாராவது கையால் தேய்க்கும் பாத்திர லிக்விடை உள்ளே ஊற்றினார்களா? பவுடர் தீர்ந்துபோன நாளில் "ஒரு சொட்டுதானே" என்று ஊற்றினால் நுரை பொங்கித் தட்டில் இறங்கும். அதுதான் காரணமென்றால் நுரையை அள்ளி எடுத்து, தனியாக நிற்கும் மெஷினை இருவர் பிடித்து மெதுவாகச் சாய்த்துத் தட்டுத் தண்ணீரை வடித்து, ஒருநாள் காயவிட்டால் போதும். நுரை காரணமில்லை என்றால், சாய்த்தபின் கோட் போனாலும் கசிவு உள்ளேயே இருக்கிறது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற வேண்டிய வேலை. நான் அங்கே நிறுத்திக்கொள்வேன்.

11. சோதனை ஓட்டம், அப்புறம் சர்வீஸ்

எல்லாவற்றையும் மாட்டியதும் வால்வைத் திறந்து, பாத்திரம் இல்லாமல், இருப்பதிலேயே குறுகிய புரோகிராமைப் போடுங்கள். மெஷினை உடனே சுவரோடு தள்ளாதீர்கள். சிங்குக்கு அடியில் உலர்ந்த காகிதம் ஒன்றை விரித்து வையுங்கள். சொட்டினால் அதில் தெரியும். முடிந்தபின் உள்ளே தண்ணீர் தேங்கவில்லை, காகிதமும் நனையவில்லை என்றால் மெஷினைப் பின்னால் தள்ளலாம். தள்ளும்போது ஒருவர் சிங்குக்கு அடியிலிருந்து ஹோஸை மெல்ல இழுத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் அது பின்னால் மடங்கி, இவ்வளவும் செய்து போக்கிய கோட் மறுபடி வரும்.

பம்ப் சத்தமே இல்லை, இம்பெல்லர் பிடிப்பில்லாமல் சுற்றுகிறது, எம்.சி.பி. விழுகிறது, எல்லாம் செய்தும் அதே கோட் வருகிறது: இந்த நான்கில் எது என்றாலும் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது கோட் படத்தையும், கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண் படத்தையும் அனுப்பி, பக்கெட் சோதனையில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பார்த்துவிட்டு "பார்ட்ஸ் வரணும் சார்" என்று திரும்பிப் போகாமல், பம்பைக் கையோடு கொண்டுவர அவருக்கு அது போதும்.